வெள்ளைப் பெட்டிக்கு மஞ்சள்

பெட்டிகளின் நிறத்துக்குச் சீட்டுப் போட்ட அன்று கார்ப்பரேஷன் ஆபீசின் மாடி அறையில் இருந்தவர்கள்: தேர்தல் அதிகாரி, அவருடைய டவாலிச் சேவகர், எங்கள் வார்டில் போட்டியிட்ட அரிசி மண்டிக்காரர், அவரோடு வந்த ஏழு பேர், போட்டியிட்ட இன்னொருவரான ரிட்டயர்டு இஞ்சினியர், எங்கள் வக்கீல் ஐயா, அவருக்குப் பின்னால் கையில் குடையும் காகிதக் கட்டுமாக நான். இல்லாதவர் ஒருவர்தான். அவர் எங்கள் வேட்பாளர்.

வேட்பாளர் வக்கீல் ஐயாவின் மனைவி. அவரை நான் அம்மா என்றே அழைப்பேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அம்மா வரவில்லை என்பதைவிட, வரவேண்டாம் என்று முடிவாயிற்று என்பதே சரி. காலையில் புறப்படும்போது ஐயா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"அங்க ஒரே ஆம்பளைக் கூட்டமா இருக்கும். வெத்தலை எச்சல் வேற. நீ எதுக்கு அங்க? நான் பாத்துக்கறேன்."

"எலெக்ஷன்ல நிக்கறது நான்தானே?" என்றார் அம்மா.

"நீதான். யார் இல்லேன்னா? அதுக்காக அங்க போய் நிக்கணுமா?"

அம்மா என்னைப் பார்த்து, "நீயாவது கூடப் போடாப்பா" என்றார்.

வாக்காளர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் வேட்பாளருக்கு ஒரு நிறப் பெட்டி என்று ஏற்பாடு. வாக்குச் சாவடியில் ஒரு திரைக்குப் பின்னால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர் தமக்கு வேண்டியவரின் நிறம் பூசிய பெட்டியில் அதைப் போட்டுவிட்டு வரவேண்டும். பெயரைப் படிக்கத் தேவையில்லை. நிறம் தெரிந்தால் போதும்.

டவாலி ஒரு தகர டப்பாவில் மூன்று காகிதச் சுருளைப் போட்டுக் குலுக்கினார். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் வாயைத் திறக்குமுன் எழுந்துவிடுபவர் என்று எங்கள் ஐயாவுக்குப் பெயர். அன்று பார்த்து அவருக்கு எங்கிருந்தோ ஒரு பெருந்தன்மை வந்துவிட்டது. "நீங்க எடுங்கோ, நீங்க எடுங்கோ" என்று மற்ற இருவருக்கும் கைகாட்டினார். மண்டிக்காரர் எடுத்தார், மஞ்சள். உடன் வந்த ஏழு பேரும் கோயிலில் தீபாராதனை பார்த்தவர்களைப்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இஞ்சினியர் எடுத்தார், பச்சை. டப்பாவின் அடியில் எங்களுக்காகக் காத்திருந்தது வெள்ளை.

மாடிப்படியில் இறங்கும்போது மண்டிக்காரர் ஐயாவின் தோளில் கை வைத்தார். "இன்னா வக்கீல் சார், அம்மா நிக்கிறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறீங்க. சீட்டு எடுக்க வந்தது நீங்க. நாளைக்கு ஜெயிச்சா மீட்டிங்குக்கு யாரு வர்றது?"

ஏழு பேரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

வீட்டுக்கு வந்ததும் ஐயா, "வெள்ளை! சுத்தம், சத்தியம், சமாதானம். இதைவிட என்ன வேணும்?" என்றார். அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"வெள்ளையா எடுத்துண்டு வந்தேள்?"

"நான் எங்க எடுத்தேன்? மிச்சம் இருந்தது அதுதான்."

"ஏண்ணா, நம்ம வார்டுல ஓட்டு இருக்கற பொம்மனாட்டிகள்ள முக்கால்வாசிப் பேர் சுமங்கலி. எதிர்ல வெள்ளைப் புடவை வந்தா கிளம்பின காரியத்தை விட்டுட்டு உள்ள போயிடறவா. அவா போய் வெள்ளைப் பெட்டியிலே கையை வைப்பாளா?"

"பெட்டிக்கும் புடவைக்கும் என்ன சம்பந்தம்? சுத்த அசட்டுத்தனம்."

"அதை நீங்க போய் அவாகிட்ட சொல்லுங்கோ."

ஐயா போகவில்லை. குளிக்கப் போனார்.

அம்மா ஏன் தேர்தலுக்கு நின்றார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வார்டில் பிரசவ வலி கண்ட பெண்ணை எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் ஜட்கா வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் பிள்ளை பிறந்த கதை தெருவுக்கு இரண்டு உண்டு. வார்டுக்குள்ளேயே இரண்டு அறையும் ஒரு மருத்துவச்சியும் போதும் என்று அம்மா நாலு வருஷமாக மனு எழுதினார். ஒவ்வொரு மனுவுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது. எல்லாப் பதிலும் ஐயா பெயருக்கு வந்தது. 'தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது, ஐயா' என்று. ஐயா அதில் ஒரு வரியும் எழுதியவர் அல்ல. கடைசிப் பதிலைப் படித்துவிட்டு அம்மா, "மனு எழுதற இடத்துல உக்காந்து பிரயோஜனம் இல்லை. மனுவை வாங்கற இடத்துல போய் உக்காரணும்" என்றாராம்.

ஐயா தடுக்கவில்லை. ஆனால் தஞ்சாவூரில் இருந்த தம் தமையனாருக்கு ஒரு கடிதம் எழுதினார்: இந்த ஒரு தடவைக்குத்தான் சம்மதம், தோற்றால் அதோடு சரி, இனி நம் குடும்பத்துப் பெண்ணின் பெயர் சுவரில் ஒட்டப்படாது என்று. அந்தக் கடிதத்தை நகல் எடுத்தவன் நான். ஆகவே அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு தேர்தல் என்பது எனக்குத் திட்டமாகத் தெரியும்.

நான் ஐயாவின் ஆபீசில் நகல் எழுதுபவன். சிந்தாதிரிப்பேட்டையில் ஜட்கா ஓட்டுபவரின் மகன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கடைசி வகுப்பு வரை இருந்துவிட்டு வந்த முதல் ஆள். தேர்தல் வேலைக்காக ஐயா என்னை அம்மாவுக்கு இரவல் கொடுத்திருந்தார். அதைச் சொன்னபோது என் தகப்பனார் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே கேட்டார்:

"இன்னா நைனா, இம்மாம் படிச்சுட்டு பொம்பளைக்கு ஓட்டு கேக்கப் போறியா?"

"ஏன், கேட்டா இன்னா? எனுக்கு ஓட்டு கீதா, அத்த சொல்லு மொதல்ல" என்றாள் என் தாயார்.

சொந்த வீடோ வரிப் பணமோ இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்று நான் சட்டத்தை விளக்கினேன்.

"உங்க நைனாவுக்கு?"

"அவருக்கும் இல்லை."

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் தகப்பனாரின் ஜட்காவில்தான் ஓட்டுக் கேட்கப் போனோம். கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் வருவார். அம்மாவைப் பார்த்ததும், "உள்ள போங்கோம்மா, ஆத்துல இருக்கா" என்று மரியாதையாக உள்ளே அனுப்பிவிடுவார். பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்து, சாக்கடை, தெருவிளக்கு, குழாயில் தண்ணீர் வரும் நேரம் எல்லாவற்றையும் என்னிடம் முறையிடுவார். எனக்கு அப்போது வயது இருபது. மீசை இருக்கிறதா இல்லையா என்று வீட்டில் இன்னும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே அம்மாவுக்கு மஞ்சள் குங்குமமும் காபியும் கிடைக்கும். எட்டு வீடு முடித்து வண்டியில் ஏறும்போது அம்மாவுக்கு எட்டு டம்ளர் காபி, எனக்கு எட்டு சாக்கடை.

"அவா என்னடா சொன்னா?" என்று அம்மா கேட்பார்.

"சாக்கடை, அம்மா."

"எந்தச் சாக்கடை எந்த வீட்டு வாசல்ல அடைச்சிண்டிருக்குன்னு எனக்குன்னா தெரியும்? உனக்குச் சொல்லி என்ன ஆகப்போறது? உள்ள என்ன சொன்னா தெரியுமோ? 'அவர் யாருக்குச் சொல்றாரோ அவாளுக்குப் போடறோம்'னா. அவரானா உன்கிட்ட சாக்கடையைச் சொல்லிண்டிருந்திருக்கார்."

ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெரியவர் அம்மாவிடமே நேராகக் கேட்டார். "நீ ஜெயிச்சு மீட்டிங்குக்குப் போயிட்டா, உங்காத்துல யார் சமைப்பா?"

"நீங்க இத்தனை வருஷம் ஆபீசுக்குப் போனேளே, உங்காத்துல யார் சமைச்சா?"

"என் ஆம்படையாள்."

"எங்காத்துலயும் அப்படித்தான். வக்கீலோட ஆம்படையாள் காலம்பறவே சமைச்சு மூடி வெச்சுட்டு மீட்டிங்குக்குப் போவா."

பெரியவர் யோசித்துப் பார்த்து, அது நல்ல ஏற்பாடுதான் என்றார்.

வீடும் வரியும் தங்கள் பெயரிலேயே இருந்து, அதனால் ஓட்டும் இருந்த பெண்கள் எங்கள் வார்டில் இருநூறுக்குச் சற்று மேல். அவர்களை நம்பித்தான் நாங்கள் இருந்தோம். அவர்களில் முக்கியமானவள் கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் எருமைக் கொட்டிலும் மூன்று ஓட்டு வீடும் வைத்திருந்த பால்காரம்மா. புருஷன் இருந்தான், ஆனால் அவனை நம்பி வீட்டை அவன் பெயரில் எழுத அவள் துணியவில்லை. பூவும் காயும் விற்று வீடு வாங்கிய பெண்கள் சுற்று வட்டாரத்தில் பலர். எல்லோரும் அவள் பேச்சைக் கேட்பவர்கள்.

நோட்டீஸ் வாசகம் நான் எழுதியது. அம்மாவின் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். அச்சுக்கூடத்துக்காரர், 'இன்னாருடைய பாரியை' என்பதைத்தான் பெரிதாகப் போடவேண்டும், அதுதான் முறை என்று போட்டுவிட்டார். மற்றபடி அழகாக வந்திருந்தது. வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மை; கீழே 'வெள்ளைப் பெட்டியில் வாக்களியுங்கள்' என்று தடித்த எழுத்து. அறுநூறு பிரதி. பையன்களைக்கொண்டு பாதியை வீடு வீடாகப் போடச் சொல்லிவிட்டு, பால்காரம்மாவுக்கு மட்டும் நானே நேரில் கொண்டுபோனேன். அவள் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாது அது?"

"நோட்டீஸ் அம்மா. எங்க..."

"கிட்ட கொண்டாராதே. அங்கியே நில்லு. யாரு பூட்டாங்க?"

"யாரும் போகல அம்மா. இது எலெக்ஷன் நோட்டீஸ்."

"மூலைல மஞ்சா எங்க? மஞ்சா தடவாத காயிதம் கருமாதிக்குத்தான் வரும். ரெண்டு பொண்ண கட்டிக் குடுத்துட்டு வயித்துல நெருப்ப கட்டிகினு கீறேன். ஊட்டுக்குள்ள இத்த வாங்கி வெக்கச் சொல்றியா?"

"இல்லம்மா, இதுல வெள்ளைப் பெட்டியில..."

"வெள்ளையா!" அவள் ஈரக் கையால் தாலியைப் பிடித்துக்கொண்டாள். "காலங்காத்தால உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? பாக்க படிச்ச புள்ளயாட்டம் கீறே."

"படிச்சிருக்கேன் அம்மா."

"அதான் பாத்தேன்."

பிறகு அவளே இரங்கி வந்தாள். "தோ பாரு தம்பி. அந்த ஐயரூட்டு அம்மா நல்லவங்க. எம் பெரிய பொண்ணுக்கு வலி கண்டப்ப அவங்கதான் வண்டி வெச்சு அனுப்பினாங்க. எங்க சந்து ஓட்டு அவங்களுக்குத்தான். ஆனா காயிதம் மஞ்சாவோட வரணும். நாலு மூலைக்கும் தடவி எடுத்தா. வாங்கிக்கிறேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் பார்த்தேன். முந்திய நாள் போட்ட நோட்டீஸ்கள் ஒரு வீட்டுக்குள்ளும் போயிருக்கவில்லை. சாவுச் செய்திக் கடிதத்தைச் செருகுவதுபோல எல்லாம் வாசற்கூரை ஓடுகளின் இடுக்கில் செருகப்பட்டிருந்தன. கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவதை நானும் பிறந்ததிலிருந்து பார்த்தவன்தான். ஆனால் அச்சடித்த சர்க்கார் சம்பந்தமான காகிதத்துக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஐயா வீட்டில் அப்போது தேர்தல் கமிட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஐயாவும் அவருடைய நண்பர்கள் நாலு பேரும்தான் கமிட்டி. கூடத்து வாசற்படியில் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"பேஷ்! மஞ்சள்! நமக்குத் தோணலையே" என்றார் ஒருவர்.

"வெள்ளைங்கற தோஷமும் இதுல கழிஞ்சுடும்" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் மட்டும், "எதுக்கும் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா..." என்று இழுத்தார்.

"அவ அடுப்படியில இருக்கா. இதுக்கெல்லாம் போய் அவளைத் தொந்தரவு பண்ணுவானேன்?" என்றார் ஐயா.

ஆகவே ஐந்து ஆண்களும் நானும் மஞ்சளைப் பற்றி ஏகமனதாகத் தீர்மானம் செய்தோம். மஞ்சளைப் பற்றி உண்மையில் தெரிந்த ஒரே ஆள் பத்தடி தூரத்தில் எங்களுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் வீட்டில் தாயாரையும் இரண்டு தங்கைகளையும் உட்கார வைத்து மஞ்சள் கரைத்தேன். கூரை ஓடுகளின் இடுக்கிலிருந்து பிடுங்கி வந்ததும் மிச்சமிருந்ததுமாக அறுநூறும் என் முன்னால் இருந்தன. நான் எதையும் அரைகுறையாகச் செய்பவன் அல்ல. மூலையில் மட்டும் ஒரு பொட்டு வைப்பது கஞ்சத்தனமாகப் பட்டது. ஓரம் முழுவதும் பட்டையாகத் தடவச் சொன்னேன். காகிதம் மட்டம். மஞ்சள் தண்ணீர் ஊறிப் பரவி, காய்ந்து எடுத்தபோது நடுவில் எழுத்திருந்த இடம் தவிர வெள்ளை என்பதே இல்லை.

"இத்தினி மஞ்சாவுல ரெண்டு கண்ணாலம் பண்ணிறலாம். உனுக்கு ஒண்ணு பண்ணிக்கயேன்" என்றாள் என் தாயார்.

தேர்தல் முடியட்டும் என்றேன்.

இந்த முறை நோட்டீசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். சாமி படத்தடியில் வைத்தார்கள். ஒரு வீட்டில் எனக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்தார்கள். 'வெள்ளை' என்ற சொல்லுக்குக் கிடைத்த வரவேற்பை ஒருமுறை பார்த்துவிட்டவன் ஆதலால், நான் அதை வாயால் சொல்வதை நிறுத்திவிட்டேன். "எல்லாம் நோட்டீஸ்ல இருக்கு. நல்லா பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னேன். அச்சில் இருப்பதை வாயாலும் சொல்வது கூறியது கூறல் அல்லவா? அவர்களும் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதில் எது தெரிந்ததோ அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் அம்மாவை ஐயா அடையாற்றுப் பக்கத்துப் பங்களாக்களுக்கு அழைத்துப் போயிருந்தார். அம்மா சந்துகளுக்கு மறுபடி வந்தது வாக்களிப்புக்கு முதல் நாள் பிற்பகலில். பால்காரம்மா கொட்டிலிலிருந்து ஓடி வந்து தட்டில் குங்குமம் நீட்டினாள்.

"காயிதம் வந்துச்சி தாயீ. லட்சணமா, மங்கலமா வந்துச்சி. சந்துல அல்லாருக்கும் சொல்லிட்டேன். திரைக்கு அந்தாண்ட போனீங்களா, வேற எதையும் பாக்காதீங்கடி, மஞ்சாப் பொட்டியில போட்டுட்டு வந்துகினே இருங்கடின்னு."

அம்மா குங்குமத்தைத் தொட்ட விரலோடு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்:

"மஞ்சள் பெட்டி யாரோடதுடா?"

"மண்டிக்காரரோடது, அம்மா." சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. கொட்டிலில் எருமைகள்கூட அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்ததாக ஞாபகம்.

அம்மா நோட்டீசைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "இதுக்கு யார் மஞ்சக் காப்புப் பண்ணினது?"

"நான்தான், அம்மா. பால்காரம்மா மூலையில..."

"மூலையிலதானே சொன்னேன்!" என்று பால்காரம்மா கத்தினாள். "நீ இன்னாத்துக்கு அத்தப் புடிச்சுக் குளிப்பாட்டிக் கொண்டாந்தே?"

"என்னை ஏண்டா ஒரு வார்த்தை கேக்கலை?" என்றார் அம்மா.

"நீங்க அடுப்படியில இருந்தீங்க, அம்மா."

அம்மா சிரித்தார். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வா. எத்தனை வீடு? ஒவ்வொண்ணாப் போய் வெள்ளைப் பெட்டின்னு சொல்லிண்டு வரலாம்" என்றார்.

"அல்லாம் பொட்டு வெச்ச பொம்பளைங்க. அந்த வார்த்தைய எடுத்துகினு யாரூட்டு வாசல்லயும் போய் நிக்காதே தாயீ. கதவ சாத்திக்குவாளுங்க" என்றாள் பால்காரம்மா.

"பின்ன என்னன்னு சொல்றது? பெட்டி அந்தக் கலர்தானே?"

பால்காரம்மா காலடியில் இருந்த செம்பைப் பார்த்தாள். "பால் பொட்டின்னு சொல்லு. பால் இன்னா கறுப்பாவா கீது? பொங்கலுக்குப் பொங்குறது. பால் குடிக்கப் போறோம்னா எவ வேணாம்பா?"

ஐயாவின் கமிட்டி மூன்று வாரம் கூடிச் சாப்பிட்டும் கண்டுபிடிக்காத வார்த்தை அது.

மூவரும் புறப்பட்டோம். பால்காரம்மா முன்னால், அம்மா நடுவில், குற்றவாளி பின்னால். ஒவ்வொரு வாசலிலும் கேள்வி. "நேத்து மஞ்சான்னே, இன்னிக்குப் பாலுன்றே, நாளைக்கு இன்னா, மோரா?" என்றாள் ஒருத்தி. "சாமிகிட்ட வெச்ச காயிதத்துக்கு மாறி நடந்தா தோஷம் இல்லியா?" என்றாள் இன்னொருத்தி. அம்மா பொறுமையாக அவளை உட்கார வைத்து, நோட்டீசுக்கு மஞ்சள், பெட்டிக்குப் பால், இரண்டும் நல்லதுதான் என்று சொல்லிப் புரியவைத்தார். ஒரு வீட்டுக்குக் கால் மணி ஆயிற்று. ஆனால் போன வீடெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது. அது என் கண்ணுக்கே தெரிந்தது.

கடைசி இரண்டு தெரு பாக்கி இருக்கையில் ஐயாவின் குமாஸ்தா ஓடி வந்தார். இருட்டப் போகிறது, வேட்பாளர் தெருவில் நிற்பது பார்வைக்கு நன்றாயிராது, ஐயா உடனே வரச் சொன்னார் என்றார்.

"இன்னும் ரெண்டு தெருதான்னு போய்ச் சொல்லுங்கோ."

குமாஸ்தா போனார். சற்று நேரத்தில் ஐயாவே தெரு முனைக்கு வந்து நின்றார். கூப்பிடவில்லை, கோபிக்கவில்லை. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். நாலு திண்ணையில் நாலு ஆண்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்தார். அடுத்த வீட்டைப் பார்த்தார். பிறகு ஐயாவை நோக்கி நடந்தார்.

பால்காரம்மாவுக்கு மாலைக் கறவைக்கு நேரமாகிவிட்டது. மிச்ச இரண்டு தெருவுக்கும் நான் மட்டும் போனேன். "ஊட்ல ஆம்பளைங்க இல்ல, நாளைக்கு வா" என்று கதவிடுக்கிலேயே பதில் வந்தது. நாளைக்குத்தான் தேர்தல் என்று மூடிய கதவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வாக்களிப்பு ஒரு பள்ளிக்கூடத்தில். பெண்களுக்குத் தனி வரிசை. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகிறவர்களிடம் பேசக்கூடாது என்று போலீஸ்காரர் கோடு கிழித்திருந்தார். காலையில் பால்காரம்மா தன் படையோடு வந்து போட்டுவிட்டு, என்னைக் கடக்கும்போது, "பால்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக "பால்", "பால்" என்றார்கள். ஆண்கள் வரிசையிலிருந்த ஒருவர், இங்கே பால் ஊற்றுகிறார்களா என்று என்னை விசாரித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இரண்டு தெருப் பெண்கள் வந்தார்கள். தலை நிறையப் பூ. மடித்து வைத்திருந்த நல்ல புடவை. கையில் என் நோட்டீஸ், கல்யாணத்துக்குப் பத்திரிகையோடு வருவதுபோல. கோட்டுக்கு இப்பால் நின்று நான் கையால் பால் கறப்பதுபோல ஜாடை காட்டினேன். போலீஸ்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் அவர்களே என்னைத் தேடி வந்தார்கள்.

"போட்டாச்சு தம்பி. மங்கலமா மஞ்சாலயே போட்டேன்."

"நான் பொட்டிக்கு ஒரு பொட்டு வெச்சுட்டுத்தான் போட்டேன். அம்மாகிட்ட சொல்லு."

"அம்மா ஜெயிச்சுருவாங்க இல்ல?"

"சந்தோஷம் அம்மா" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். மனதுக்குள் எண்ணிக்கொண்டும் இருந்தேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வாக்கு எண்ணும் நாளில் ஐயா தலைப்பாகை கட்டி முடிப்பதற்குள் அம்மா என் தகப்பனாரின் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஐயா பின்னால் ஏறிக்கொண்டார். எண்ணும் அறையில் மூன்று பெட்டிகளும் மேஜைமேல் இருந்தன. பச்சையும் வெள்ளையும் போன மாதிரியே திரும்பியிருந்தன. மஞ்சள் பெட்டியின் நெற்றியில் மட்டும் வரிசையாகக் குங்குமம். அதிகாரி டவாலியை அழைத்து, இதைத் துடைக்கலாமா கூடாதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். டவாலி, எண்ணி முடியும்வரை வேண்டாம் என்றார்.

இஞ்சினியருக்குக் கிடைத்தவை அவருடைய உறவினர் எண்ணிக்கைக்கும் குறைவு. மற்ற இருவருக்கும் கடைசிக் கட்டு வரைக்கும் இழுத்தது. முடிவு படித்ததும் ஏழு பேரும் மண்டிக்காரருக்கு மாலை போட்டார்கள். அவர் மாலையோடு அம்மாவிடம் வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எனக்கு எந்தப் பொம்பளை ஓட்டுப் போட்டான்னு எனக்கே தெரியல. எவளோ பொட்டுலாம் வெச்சுக்கீறா. அடுத்த வாட்டி நீங்க நின்னா நான் ஒதுங்கிக்கிறேன்."

அம்மா ஐயாவைப் பார்த்தார். ஐயா குடையின் துணியை நீவிக்கொண்டிருந்தார். தமையனாருக்குக் கொடுத்த வாக்கை அவர் இன்றுவரை காப்பாற்றி வருகிறார். அம்மா அதன் பிறகு நிற்கவில்லை. வலி கண்ட பெண்களை என் தகப்பனார் இன்னும் எழும்பூருக்குத்தான் ஓட்டிக்கொண்டு போகிறார்.

அன்று வழியில் பால்காரம்மா வண்டியை மறித்து, "எத்தினில போச்சு?" என்று கேட்டாள். அம்மா சொன்னார். அவள் வழிவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் பெட்டியில் போட்டதாக என்னிடம் சந்தோஷமாக வந்து சொன்னவர்கள் பதினேழு பேர். நாங்கள் தோற்றது பதினொரு வாக்கில்.